ஒரே பகலில் கழிந்த மூன்று நாள் படுக்கை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்தச் சீமை என்று கேட்காதீர்கள். ஏரி இருந்தது, ஏரிக்குக் கரை இருந்தது, கரையில் மண் சுமக்க ஆள் இருந்தது, ஆகையால் ராஜாவும் இருந்தார். பெயர் மகுடேசுவரர். நல்ல மனுஷர்தான். ஊர் தின்பதற்கு முன்னால் எதையும் தான் ருசி பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் அவருக்கு அடங்காது.

வருஷத்தில் ஒரு பௌர்ணமியன்று அந்த ஏரியில் தெப்பத் திருவிழா நடக்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் ராஜா தெப்பத்தில் ஏறி உட்காருவார். தெப்பம் ஏரியை மூன்று சுற்று வரும். கரையில் கூத்து, மத்தளம், சுண்டல், பலாப்பழம். ராஜாவுக்கு அந்த வருஷத்திலேயே பிடித்த சாயங்காலம் அது ஒன்றுதான். மற்ற சாயங்காலங்களில் மந்திரி படிக்கிற ஓலையைக் கேட்டுக்கொண்டு கொட்டாவியை அடக்க வேண்டும்.

அந்த வருஷம் தெப்பத்தன்று விடிந்ததும், "கரையில் விற்கப்போகும் பலா எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்" என்றார் ராஜா. ஒரு பழத்தை வெட்டினார்கள். இருபத்திரண்டு சுளை பார்த்தார். அதன்மேல் ஒரு செம்பு எருமைத் தயிரும் பார்த்தார். பிறகு சபைக்கு வந்து சிங்காசனத்தில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "சபை ஏன் சுற்றுகிறது?" என்று கேட்டார்.

ராஜா சுற்றுகிறது என்றால் சுற்றுகிறதுதான்.

"அந்தத் தூணைப் பிடியுங்கள், ஓடுகிறது!"

நான்கு பேர் எழுந்து ஓடிப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் தூணைப் பிடித்திருந்த நேரத்தில், பிடிக்க ஆளில்லாமல் ராஜா சிங்காசனத்திலிருந்து பொத்தென்று கீழே விழுந்தார்.

கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அரண்மனை வைத்தியர் அகோரம் வந்து நாடி பிடித்தார். கண்ணை மூடினார், திறந்தார், பெருமூச்சு விட்டார். கறுப்பாகக் கஷாயம் காய்ச்சி, வழக்கப்படி முதலில் தான் ஒரு சொட்டு குடித்துக் காட்டிவிட்டு, ஒரு கிண்ணம் கொடுத்தார். ராஜாவின் வயிறு அதை ஏற்கவில்லை. கஷாயம், தயிர், இருபத்திரண்டு சுளை எல்லாம் வந்த வழியே திரும்பிவிட்டன. வயிறு காலியானதும் ராஜாவுக்குத் தலை தெளிந்தது. உச்சி வேளைக்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்து, "பசிக்கிறது. தெப்பத்துக்கு எந்தச் சால்வை போடலாம்?" என்று கேட்டார்.

கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அது அரண்மனை. அங்கே நோய் வருவது வயிற்றின் காரியம், நோய் போவது வைத்தியரின் காரியம். ராஜா படுத்துவிட்டால் வாசல் முரசுக்குக் கம்பளி போர்த்திவிடுவார்கள். வைத்தியர் நாள் குறித்து, அந்த நாளில் ராஜாவின் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுவரை ராஜா நிலைப்படி தாண்டக் கூடாது. அதுவரை ராஜாவுக்கு மாற்று மந்திரி. குடை மந்திரிக்கு, ஆசனம் மந்திரிக்கு. அன்றைக்குத் தெப்பம் வந்தால் தெப்பமும் மந்திரிக்கு.

மந்திரி சோமநாதருக்கு இருபது வருஷமாக அந்தத் தெப்பத்தில் உட்கார ஆசை. வைத்தியர் அவருக்குச் சம்பந்தி. இதற்குமேல் நான் என்ன சொல்ல?

"மன்னர் பெருமானே, இது வாத மயக்கம்" என்றார் வைத்தியர். "மூன்று நாள் படுக்கை. மூன்று நாளும் நாளொன்றுக்கு ஒரு கிண்ணம் கஷாயம். மூன்றாம் நாள் விளக்கு வைத்ததும் தலைக்குத் தண்ணீர்."

"இன்று பாதிப் பகல் போய்விட்டதே. இன்றைய கணக்கு என்ன?"

"அடியேன் அதில் கடுமை காட்டமாட்டேன். சூரியன் இருக்கும்போது எந்நேரம் படுத்தாலும் அது ஒரு முழு நாள்தான். இன்று ஒன்று, நாளை இரண்டு, மறுநாள் மூன்று."

"எனக்குத்தான் ஒன்றுமில்லையே!"

"ஒன்றுமில்லை என்று தோன்றுவதே இந்த நோயின் குணம், பெருமானே."

ராஜா குழம்பிவிட்டார். தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். நன்றாக இருப்பதுபோல் இருந்தது. அப்படியானால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமா?

அவர் குழம்பினால் அரண்மனையே குழம்பும். மடைப்பள்ளியில் ஒரு பக்கம் விருந்துக்கு இலை அறுத்தார்கள், ஒரு பக்கம் கஞ்சிக்கு நொய் புடைத்தார்கள். யானைக்கு நெற்றிப்பட்டம் கட்டினார்கள், அவிழ்த்தார்கள், மறுபடி கட்டினார்கள். மூன்றாம் முறை கட்டப் போனபோது யானை தும்பிக்கையால் பட்டத்தை வாங்கித் தானே வைத்துக்கொண்டது.

இந்தக் கலவரத்தில் ராஜாவுக்குச் சடையன் ஞாபகம் வந்தது. சடையன் அந்தச் சபையின் விகடகவி. பிறந்ததிலிருந்து விகடகவி அல்ல. பதினாறு வருஷம் ஏரியில் மண்கூடை சுமந்தவன். ஒருநாள் கரையைப் பார்க்க வந்த ராஜா அவன் வாயைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துப் பல்லக்கிலிருந்து இறங்கிவிட்டார். அப்போதே கையோடு கூட்டி வந்துவிட்டார். சடையனின் உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி கிடையாது. கூடைக்கு அடியில் சுருட்டி வைக்கும் சும்மாட்டுத் துணி தேய்த்துத் தேய்த்துப் போன முடி. சபையில் ஆறு வருஷம் எண்ணெய் தேய்த்தும் அது திரும்ப முளைக்கவில்லை.

"சடையா, சாயங்காலத்துக்குள் மூன்று நாள் கழிய வேண்டும். அதற்கு வழி சொல்" என்றார் ராஜா.

"சூரியனைக் கொஞ்சம் விரட்டச் சொல்கிறீர்களா, ராஜா?"

"எதை விரட்டுவாயோ, எனக்குத் தெரியாது. நான் தெப்பம் ஏற வேண்டும்."

மந்திரி குறுக்கே வந்தார். "மன்னவா, விகடகவி எதையும் சாதிப்பவர் என்று தாங்களே பலமுறை புகழ்ந்திருக்கிறீர்கள். சாதிக்கட்டும். சாதிக்கத் தவறினால் அரண்மனைச் சோறு அவருக்கு எதற்கு? விட்ட வேலைக்கே திரும்பட்டும். மண்கூடைக்கு."

ராஜா பசியிலும் குழப்பத்திலும் இருந்தார். "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

சடையன் கை தன்னையறியாமல் உச்சந்தலைக்குப் போனது. மண்கூடை என்பதைச் சபையில் இருக்கிறவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். ஈரமண் கூடை ஒன்று கழுத்தில் எப்படி இறங்கும், நூறாவது நடைக்கு முழங்கால் என்ன சொல்லும் என்பதெல்லாம் சுமந்தவனுக்குத்தான் தெரியும். அவனுக்கு இப்போது நாற்பது வயது. அந்தக் கழுத்தும் இல்லை, அந்த முழங்காலும் இல்லை.

ஒன்றும் தோன்றாமல் பின்வாசலுக்கு நடந்தான். அங்கே மண் வேலைக்காரர்களின் தலைவி பேச்சாயி நின்றுகொண்டிருந்தாள். வெயிலில் கறுத்துக் காய்ந்த ஆள். சடையனோடு ஒரே கரையில் கூடை சுமந்தவள்.

"ஏ சடையா, தெப்பம் உண்டா, இல்லையா? முரசுக்குக் கம்பளி போத்தியிருக்கு, யானைக்குப் பட்டம் கட்டியிருக்கு. நாங்க எதை நம்புறது?"

"எனக்கே தெரியலக்கா. ராஜாவுக்கு மூணு நாள் படுக்கையாம். அந்த மூணு நாளைச் சாயங்காலத்துக்குள்ள நான் கழிச்சிக் காட்டணுமாம். இல்லாட்டி நாளைக்கு உன் பக்கத்துல நானும் கூடையோட நிப்பேன்."

"வாயேன். கூடை இருக்கு, சும்மாட்டுத் துணி மட்டும் நீ கொண்டா" என்று சிரித்தாள் பேச்சாயி. அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: "மூணு நாளு என்னடா மூணு நாளு. போன மாசம் உங்க மந்திரி முப்பது நாளை ஒரே பகல்ல கழிக்க வச்சாரே, மறந்துட்டியா? ஆளைக் கூடப் போட்டாக் கழிஞ்சிட்டுப் போவுது."

கோபத்தில் சொன்ன பேச்சு அது. காரணம் இருந்தது. போன மாதம் ஏரிக்கரை ஒரு பக்கம் உடைந்துவிட்டது. ஓர் அடுக்கு மண் கொட்டி, மிதித்து, வெயிலில் இறுகவிட்டு, மறுநாள்தான் அடுத்த அடுக்கு கொட்ட வேண்டும், இப்படி முப்பது அடுக்கு, முப்பது நாள் ஆகும் என்று பேச்சாயி சொன்னாள். மந்திரி ஒப்பவில்லை. "ஒரு நாளைக்கு ஓர் ஆள் என்றால் முப்பது நாளைக்கு முப்பது ஆள். முப்பது பேரும் இன்றே வாருங்கள், இன்றே முப்பது நாளும் கழிந்தது" என்று ஓலை எழுதி, ராஜாவிடம் முத்திரையும் வாங்கிவிட்டார். முப்பது பேர் இருட்டும்வரை கொட்டினார்கள். கரை நின்றது. நேராக நிற்கவில்லை.

சடையன் பேச்சாயியைப் பார்த்தபடியே நின்றான். பிறகு போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் உள்ளே ஓடினான்.

"இவனுக்கும் தலை சுத்துது போல" என்றாள் பேச்சாயி.

ராஜாவின் அறையில் மந்திரி தெப்பத்துக்கு உடுத்த வேண்டிய பட்டுத் துணியை மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியர் மீதி இரண்டு கிண்ணம் கஷாயத்தையும் காய்ச்சி மூடி வைத்திருந்தார்.

"ராஜா, போன மாதம் கரை உடைப்புக்குப் போட்ட ஓலையில் தங்கள் முத்திரை இருக்கிறதா?" என்று கேட்டான் சடையன்.

"இருக்கிறது."

"முத்திரை பதித்தது இந்த ராஜ்யம் முழுவதற்கும் செல்லுமா, மண் வேலைக்கு மட்டுமா?"

"முத்திரை முத்திரைதான். எல்லாவற்றுக்கும் செல்லும்."

"மந்திரியாருக்கும் சம்மதமா?"

மந்திரிக்கு எங்கே போகிறது என்று புரியவில்லை. தான் எழுதிய ஓலை செல்லாது என்று யாராவது சொல்வார்களா? "சந்தேகமென்ன!" என்றார்.

"அப்படியானால் ராஜா, தங்களுக்கு மூன்று நாள் படுக்கை. ஒரு நாளைக்கு ஓர் ஆள் என்றால் மூன்று நாளைக்கு மூன்று ஆள். மூன்று பேர் இன்றே படுத்துவிட்டால் இன்றே மூன்று நாளும் கழிந்தது. தாங்கள் ஏற்கெனவே படுத்தாயிற்று. இன்னும் இரண்டு ஆள் போதும். எந்நேரம் படுத்தாலும் முழு நாள் என்று வைத்தியரே சொல்லிவிட்டார்."

ராஜா விரல் விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி எண்ணினார். "சரியாகத்தானே வருகிறது?" என்று மந்திரியைப் பார்த்துக் கேட்டார்.

மந்திரி சுதாரித்தார். "வரட்டும், மன்னவா. யாராவது இரண்டு வேலையாட்களைப் படுக்கப் போடலாம். ஆனால் அது..."

"ஐயையோ!" என்று சடையன் காதைப் பொத்திக்கொண்டான். "ராஜாவுக்கு வந்த நோயை வேலையாள் படுத்துக் கழிப்பதா? கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ராஜா படுத்தால் அவருக்கு மாற்று மந்திரியார். குடைக்கு மாற்று, ஆசனத்துக்கு மாற்று, தெப்பத்துக்கு மாற்று. கட்டிலுக்கு மட்டும் மாற்று இல்லையா?"

"அது வேறு..."

"வேறா? அப்படியென்றால் தெப்பத்துக்கும் வேறு ஆள் பார்க்கலாமே."

மந்திரி மடித்து வைத்த பட்டைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். மாற்று இல்லை என்றால் தெப்பம் போச்சு. மாற்று என்றால் கட்டில் வந்தது.

"இரண்டாவது ஆள்?" என்று ராஜா ஆவலாகக் கேட்டார்.

"ராஜாவின் மருந்தை முதலில் தான் குடித்துக் காட்டுகிறவர் யார்? அகோரம் ஐயாதான். பாதி நோயாளி அவர் ஏற்கெனவே."

இரண்டு கட்டில் கொண்டுவந்து போட்டார்கள். மந்திரியும் வைத்தியரும் படுத்தார்கள். கம்பளி போர்த்தினார்கள். சித்திரை வெயில் வேறு. சடையன் இரண்டு கிண்ணங்களையும் எடுத்து வந்தான்.

"நாளொன்றுக்கு ஒரு கிண்ணம். இரண்டாம் நாள் மந்திரியாருக்கு, மூன்றாம் நாள் வைத்தியருக்கு."

வைத்தியரின் முகம் வெளுத்தது. ராஜா மூன்று நாளும் எழுந்திருக்கவே கூடாது என்பதற்காக அவர் அந்தக் கஷாயத்தில் என்னென்ன அரைத்துப் போட்டிருந்தார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பி, "சம்பந்தி, குடிக்காதீர்" என்று முனகினார்.

"ஏன்?"

"சொல்ல முடியாது. குடிக்காதீர்."

"வைத்தியரே," என்றார் ராஜா, "நான் குடிக்கலாம், அவர் குடிக்கக் கூடாதா? அந்தக் கஷாயத்தில் என்ன இருக்கிறது?"

"ஒன்றுமில்லை பெருமானே, ஒன்றுமில்லை! வெறும் சுக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தியர் மடமடவென்று குடித்தார். அவர் குடித்ததைப் பார்த்து மந்திரியும் குடித்தார்.

ஒரு நாழிகை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாழிகையில் மந்திரி எழுந்து உட்கார்ந்தார். "எனக்கு என்னவோ செய்கிறது" என்றார். அடுத்து அவர் கொல்லைப்புறம் ஓடிய வேகத்தை அந்த அரண்மனையில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. அவர் திரும்பி வருகிற வழியில் வைத்தியர் எதிரே ஓடினார். பொழுது சாயும்வரை இருவரும் கட்டிலில் கிடந்ததைவிட வழியில் ஒருவரையொருவர் கடந்ததே அதிகம். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"சுக்கு என்றீரே!"

"ராஜாவுக்குக் காய்ச்சியது சம்பந்தி, உமக்கா காய்ச்சினேன்?"

மேற்கே வெயில் மஞ்சளாகிவிட்டது. ராஜா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் மந்திரி, சுவரைப் பிடித்து நின்றபடி, தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"மன்னவா... ஒரு சந்தேகம். இன்று செவ்வாய். மூன்று நாள் கழிந்துவிட்டது என்றால் இப்போது வியாழன் மாலை. தெப்பமோ செவ்வாய் மாலை. அப்படியானால் தெப்பம் முந்தாநாளே முடிந்துவிட்டது. எங்கே புறப்படுகிறீர்கள்?"

ராஜா சால்வையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பகலெல்லாம் தெளிந்திருந்த தலை மறுபடி சுற்ற ஆரம்பித்தது. "இன்று செவ்வாயா, வியாழனா? சடையா, தெப்பத்தைத் தவறவிட்டுவிட்டேனா?"

வெளியே பல்லக்குத் தூக்கிகள் பல்லக்கைத் தூக்குவதா வைப்பதா என்று தெரியாமல் தோளில் பாதியும் தரையில் பாதியுமாக நின்றார்கள். சோதிடர் பஞ்சாங்க ஓலையைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார். சடையனுக்கும் ஒரு கணம் கழுத்தில் ஈரமண் இறங்குவதுபோல் இருந்தது. உச்சந்தலையைத் தடவினான். பிறகு கேட்டான்:

"மந்திரியாரே, போன மாதம் கரையில் முப்பது நாள் கழிந்ததே, அன்றைக்கு அரண்மனையில் தாங்கள் எத்தனை வேளை சாப்பிட்டீர்கள்?"

"மூன்று வேளை. வேறெத்தனை?"

"தொண்ணூறு வேளை இல்லையா?"

"பைத்தியக்காரத்தனம்! நாள் கழிந்தது கரையில். என் இலையில் எப்படிக் கழியும்?"

"அதைத்தான் நானும் சொல்கிறேன். நாள் கழிந்தது கட்டிலில். ஏரியில் எப்படிக் கழியும்? கட்டிலில் வியாழன், ஏரியில் செவ்வாய். ராஜா கட்டிலை விட்டு இறங்கினால் நேராகச் செவ்வாய்க்கிழமைக்குப் போய்ச் சேரலாம்."

மந்திரி பதில் சொல்ல வாயைத் திறந்தார். வயிறு விடவில்லை. ஓடினார்.

ராஜாவுக்கு முழுதாகப் புரியவில்லை. பாதி புரிந்தது, அந்தப் பாதி தனக்குச் சாதகமாக இருந்தது, அது போதும் என்று விட்டுவிட்டார். வைத்தியரைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு கையால் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ராஜாவின் தலைக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். குடத்தை வைக்கக்கூட நேரமில்லை, கையோடு எடுத்துக்கொண்டே ஓடினார். முரசின் கம்பளியை உருவினார்கள். முரசு முழங்கியது. யானை தானாகவே நடக்கத் தொடங்கியது.

ஏரியில் நிலா எழும்பிக்கொண்டிருந்தது. ராஜா தெப்பத்தில் மூன்று சுற்று வந்தார். கூத்து பார்த்தார். சுண்டல் தின்றார். பலாச்சுளை நீட்டியபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் சுற்றில் தெப்பம் கரையோரம் வந்தபோது, உடைப்பை அடைத்த இடம் நிலா வெளிச்சத்தில் தெரிந்தது.

"கரை ஏன் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது? இல்லை, எனக்குத்தான் இன்னும் தலை சுற்றுகிறதா?" என்று கேட்டார்.

தீவட்டி பிடித்துக் கரையில் நின்ற பேச்சாயி சொன்னாள்: "உங்களுக்கு இல்லீங்க சாமி. முப்பது நாளை ஒரே பகல்ல கழிச்சாங்கல்ல, அதுல கரைக்குத்தான் தலை சுத்துது."

ராஜா ஒரு கணம் முழித்தார். பிறகு காலையில் தூணைப் பிடிக்க ஓடிய நான்கு பேரும், கட்டிலில் வியாழனும், குடத்தோடு ஓடிய வைத்தியரும் எல்லாம் சேர்ந்து அவருக்கு ஒரே நேரத்தில் விளங்கியது. சிரித்தார். தெப்பம் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். "கரையை இடித்து அடுக்கடுக்காகக் கட்டுங்கள். முப்பது நாள் ஆகட்டும். சூரியன் உதிக்கிற நாள், முப்பது. மந்திரி வயிறு சரியானதும் வந்து முப்பது நாளும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்" என்றார்.

தன் சால்வையை எடுத்து, தெப்பத்தில் கூடவே வந்திருந்த சடையன் தோளில் போர்த்தினார். "மண்கூடை உனக்கு இனி இல்லை. வேறு என்ன வேண்டும், கேள்."

சடையன் உண்மையையே கேட்டான். "பகலெல்லாம் பயந்து பயந்து உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது, ராஜா. மூன்று நாள் படுத்துக்கொள்ள விடுங்கள்."

ராஜா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மூன்று நாளா? இன்னும் இரண்டு ஆளைச் சேர்த்துக்கொண்டு படு. ஒரே நாளில் கழிந்துவிடும்."

ஊர் கொல்லென்று சிரித்தது. சடையன் சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கரையில் நின்ற பேச்சாயியைப் பார்த்தான்.

மறுநாள் பேச்சாயியும், அவளோடு கூடை சுமக்கும் கறுப்பாயியும், சடையனும் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் ராஜாவின் சால்வையை விரித்து, பொழுது சாயும்வரை படுத்துக் கிடந்தார்கள். மேஸ்திரி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, ராஜ உத்தரவாயிற்றே என்று எழுப்பாமல் போனான். அந்த இரண்டு பெண்களும் பிறந்ததிலிருந்து பகலில் கண்ணை மூடியது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் பேச்சாயி எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏ சடையா, இன்னிக்குப் புதனா, வெள்ளியா?"

"கேக்காதக்கா" என்றான் சடையன், திரும்பிப் படுத்துக்கொண்டே. "கேட்டா எழுந்திருக்கச் சொல்லுவாங்க."